வெளியே என்ன

புதுவயல் மில்லில் எனக்குக் களத்து வேலை.
அவித்த நெல்லைக் கொட்டி, பரப்பி,
காலால் கோடு கோடாய்க் கிளறி
காயவைத்து அள்ளணும்.
சாத்தையாவுக்கு பாய்லர்.
அவர் கொட்டகைக்கும் என் களத்துக்கும் நடுவே
ஒரு சுவர், அதில் உமி தள்ளும் ஓட்டை.

அந்த ஓட்டை வழியாகத்தான் கேட்பார்,
மணிக்கு ஒருதரம், சில நாள் இரண்டு தரம்:
"ஏ அடைக்கி, வெளியே என்ன?"

மழைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன் முதல் வாரம்.
"வானம் வெறிச்சுன்னு கிடக்கு."
மறுபடி கேட்டார்.
"காக்கா."
மறுபடி.
"மொதலாளி மக புது ஸ்கூட்டர்ல போகுது."
எதைச் சொன்னாலும் "ஆங்" என்பார்.
உடனே உள்ளே மண்வாரி உமியை அள்ளும்.

கிறுக்கோ என்று
சாக்குத் தைக்கிற பாண்டியம்மாளிடம் கேட்டேன்.
"நேவியில இருந்த ஆளு" என்றாள்,
அதுவே பதில் என்பது போல.

நேவி என்றால் எனக்குக் காலண்டர்க் கப்பல்,
வெள்ளைச் சட்டை, நீலத் தண்ணி.
இவரோ இடுப்பில் கைலி, காதில் பஞ்சு,
புருவம் பாதி கருகின மனுசன்.

கரண்டு போன ஒரு மத்தியானம்
தூக்குச்சட்டியைப் பாதியில் மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

ஆளெடுக்க வந்தவன் நீச்சல் தெரியுமா என்றானாம்.
கண்மாயில் நீந்துவேன் என்றிருக்கிறார்.
செம்மண் தண்ணி, முங்கி எழுந்தால் வேட்டி நிறம் மாறும்.
கடல் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போனது.
கொடுத்தது கப்பலின் அடிவயிறு:
எண்ணெய் எரியும் உலை, ஆவி, இரும்பு.
கடல் ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம்.
கை வைத்தால் குளிரும் இடம் ஒன்று உண்டாம்,
அதுதான் அவருக்குக் கடல்.

எழுபத்தொண்ணுல சண்டை.
பதிமூணு நாளில் மேலே ஏறியது நாலு தரம்,
நாலும் ராத்திரி.
பீரங்கி வெடித்தால் மேல்தகட்டுப் பெயிண்ட் உதிர்ந்து
கழுத்து வேர்வையில் ஒட்டும்.
நாம சுட்டதா, நம்மளைச் சுட்டதா, தெரியாது.
மணி அடிக்கும்: வேகம் கூட்டு.
கூட்டுவார்.
மணி அடிக்கும்: குறை.
குறைப்பார்.

பித்தளைக் குழாய் ஒன்று மேலே போகும்.
அந்த முனையில் ஒடியாக்காரப் பையன், பெஹரா.
இவருக்கு இந்தி அரைகுறை, அவனுக்கும் அப்படியே.
"மேலே என்ன?" என்பார்.
"தண்ணி" என்பான்.
"மீனு."
"சூரியன் இப்பத்தான் வருது."
"உனக்கு மீசை இருக்கா இல்லையா, மறந்துபோச்சு."

ஒன்பதாம் நாள் குழாய் பேசவில்லை.
கேட்டார். மறுபடி கேட்டார்.
மணி மட்டும் அடித்தது: வேகம் கூட்டு.
"கூட்டுனேன்" என்றார் என்னிடம்.
வெகுநேரம் கழித்து வேறு ஒரு குரல் வந்ததாம்.
குழாயை மூடு என்றதாம்.

அவ்வளவுதான். தூக்கைத் திறந்து மிச்சச் சோற்றைத் தின்றார்.
குண்டா, தவறி விழுந்தானா,
நான் கேட்கவில்லை.

அந்தப் பங்குனியில் ஒரு நாள்
லாரி எடைக்கு ஆள் பத்தாமல் என்னை ரோட்டுக்குக் கூப்பிட்டார்கள்.
அரைமணி கூட இருக்காது.
திரும்பும்போதே வால்வு அலறல்.
மில்லே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது.
பாய்லரில் ஆளில்லை.

களத்தின் நடுவே நிற்கிறார்.
வெறுங்கால், கொதிக்கிற நெல்லில்.
கையில் இன்னும் மண்வாரி.
வெயிலுக்குக் கண் கூசிக் கூசி
நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.
அவர் முழு முகத்தை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

"எடைக்குப் போனேன்யா" என்றேன்.
"ஆங்."
உள்ளே போய் அலறலை அடக்கினார்.

அவருக்கு ஒரு நாள் கூலி வெட்டு, எனக்கு அரை நாள்.
எனக்கு எதற்கு என்று பாண்டியம்மாள்தான் சண்டைக்குப் போனாள்.
நான் போகவில்லை.

நாலு மணிக்கு ஓட்டையில் குரல் வந்தது.
சுற்றிப் பார்த்தேன், புதிதாய் ஒன்றுமில்லை.
"நெல்லு" என்றேன்.
பத்தாது போலிருந்தது.
"நெல்லு. நானும்தான்."